ஊர்ந்து போகும் இன்ஜின்கள்: வாசகர் கேள்வி – பதில்

மாதிரி ரயில் பகுதிக்கு வந்த கடிதங்களில் இந்த முறை, யார்டில் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றும் ஷண்டிங் இன்ஜின் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் வரும் அளவுகள் எல்லாம் ஹெச்.ஓ. வகைக்கு உரியவை. அதாவது 1:87 விகிதம், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.

கேள்வி: இத்தனை நாளும் நீளமான பயணிகள் ரயில்களையே ஓட்டிவந்தேன். இப்போது யார்டு வேலைக்கு ஒரு இன்ஜின் வாங்க ஆசை. நான்கே சக்கரம் உள்ள குட்டி இன்ஜின் ஒன்று கண்ணைப் பறிக்கிறது. வாங்கலாமா?

முதல் இன்ஜினாக அது வேண்டாம். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு சக்கர இன்ஜினுக்கு ஒரு பக்கத் தண்டவாளத்தில் மின்சாரம் எடுக்க இரண்டே சக்கரம்தான் உண்டு. அதில் ஒன்று தூசியில் ஏறினாலும் இன்னொன்றை நம்பித்தான் வண்டி. பயணிகள் ரயில் வேகமாக ஓடுவதால், ஒரு நொடிக்கும் குறைவான மின்தடையை, மோட்டாரோடு சேர்ந்த கனமான சக்கரமான ஃப்ளைவீலின் சுழற்சியிலேயே கடந்துவிடும். ஷண்டிங் இன்ஜின் ஊர்ந்து போவது. தடை வந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இரண்டு போகி (இன்ஜினுக்கு அடியில் தனியே திரும்பும் நான்கு சக்கரச் சட்டம்), எட்டுச் சக்கரம் உள்ள டீசல் ஷண்டிங் இன்ஜினாகப் பாருங்கள். அமெரிக்க வகையில் இ.எம்.டி. நிறுவனத்தின் என்.டபிள்யூ.2, எஸ்.டபிள்யூ. வரிசை, ஆல்கோ நிறுவனத்தின் எஸ்–2 ஆகியவை மாதிரிகளாகப் பல காலமாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுக்க வேண்டும், எட்டுச் சக்கரமும் இழுக்க வேண்டும். சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தால் அந்தச் சக்கரம் இழுக்க உதவும், ஆனால் மின்சாரம் எடுக்காது. யார்டில் நமக்குத் தேவை இழுவையைவிட மின்தொடர்பு.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். 30 செ.மீ. தூரத்தைக் குறித்துக்கொண்டு, அதைக் கடக்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். நிஜ யார்டில் பெட்டியோடு பெட்டியை மணிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்துக்கு மேல் போய் இணைப்பதில்லை. நம் அளவில் அது நொடிக்கு 2 செ.மீ., 30 செ.மீ.க்கு 15 நொடி. அந்த வேகத்தில் திக்காமல், குதிக்காமல் போகிற இன்ஜினை வாங்குங்கள். வண்ணப்பூச்சு அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் எட்டுச் சக்கர இன்ஜின் நேர்த்தடத்தில் நன்றாக ஓடுகிறது. தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட் மேல் வந்தால் மட்டும் நிற்கிறது. விரலால் தொட்டால் கிளம்புகிறது. தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது. என்னதான் காரணம்?

துடைப்பதை நிறுத்திவிட்டு இன்ஜினைச் சோதியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பாயிண்டில் இரண்டு தடங்களும் வெட்டிக்கொள்ளும் மூக்குப் பகுதியை ஃபிராக் என்பார்கள். விலை குறைந்த பாயிண்டுகளில் அது பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் இல்லை. இந்த உயிரில்லாத நீளம் சில பாயிண்டுகளில் 25 மி.மீ.யைத் தாண்டும். இப்போது உங்கள் இன்ஜினின் கணக்கைப் பாருங்கள். எஸ்.டபிள்யூ. வகையில் ஒரு போகியின் இரு அச்சுகளுக்கும் நடுவே நிஜத்தில் 8 அடி, நம் அளவில் 28 மி.மீ. இரண்டு போகிகளின் மையங்களுக்கு நடுவே நிஜத்தில் 22 அடி, நம் அளவில் 77 மி.மீ. ஆக, முன்போகியின் ஒரு பக்கச் சக்கரம் இரண்டும் ஃபிராக்கில் மாட்டிக்கொண்டாலும், பின்போகி எங்கேயோ பின்னால் நல்ல தண்டவாளத்தில் நிற்கிறது. கணக்குப்படி இந்த இன்ஜின் நிற்கவே கூடாது. நிற்கிறது என்றால் ஒரு போகி சும்மா கூடவே உருண்டு வருகிறது, மின்சாரம் எடுக்கவில்லை என்று பொருள். நேர்த்தடத்தில் மற்றப் போகி அந்தக் குறையை மறைத்துவிடும். பாயிண்ட் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. சாதாரண எழுதும் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முன்போகியின் நான்கு சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வையுங்கள். மின்சாரம் கொடுங்கள். மோட்டார் சுற்ற வேண்டும். பிறகு தாளைப் பின்போகிக்கு மாற்றுங்கள். எப்போது மோட்டார் அசையவில்லையோ, அப்போது தாள் படாத போகிதான் குற்றவாளி.

போகி தெரிந்துவிட்டால் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முள்ளைச் சக்கரத்தின் மீதும், மற்றதை அந்தப் பக்கத்து வயர் சர்க்யூட் போர்டில் சேரும் இடத்திலும் வையுங்கள். அளவு ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றும்போது அளவு தாவிக் குதித்தால், சக்கரத்தின் உட்பக்கத்தை உரசும் வெண்கலத் தகடு சரியாகப் படவில்லை. தகட்டின் நுனியைக் கவனியுங்கள். கறுத்த மெழுகு போல எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் தகட்டையும், அது உரசும் இடத்தையும் துடைத்துவிட்டு, தகட்டை ஒரு நூலிழை வெளியே வளையுங்கள். அதிகம் வளைத்தால் சக்கரத்துக்குப் பிரேக் போட்டது போல ஆகிவிடும். போகியைக் கையில் பிடித்துச் சுற்றும்போது தடை தெரியாத அழுத்தமே போதும்.

சக்கரங்களைத் துடைக்க, டிஷ்யூ தாளை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஒரு போகி தாளின் மேலும் மற்றப் போகி வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி இன்ஜினைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழுவது நிற்கும் வரை இடம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பிறகு திருப்பி வைத்து மற்றப் போகி. உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ வேண்டாம். கீறல் விழுந்த சக்கரத்தில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

இதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் தடத்துக்கு வாருங்கள். உலோக ஃபிராக் உள்ள பாயிண்டாக மாற்றி, பாயிண்ட் திரும்பும்போதே ஃபிராக்கின் மின்முனையும் மாறும்படி பாயிண்ட் மோட்டாரோடு வரும் துணை ஸ்விட்சில் இணைப்பதுதான் நிலையான தீர்வு. தண்டவாள இணைப்புத் துண்டுகளை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் இறக்குங்கள்.

தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி, இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சில்லு அதைப் படித்து மோட்டாரை இயக்கும் டி.சி.சி. முறையில் ஓட்டுபவர்களுக்குக் கெபாசிட்டர் என்ற இன்னொரு வழியும் உண்டு. 2.7 வோல்ட், 1 ஃபாரட் அளவுள்ள ஆறு சூப்பர் கெபாசிட்டர்களைத் தொடராக இணைத்தால் 16.2 வோல்ட் தாங்கும், மொத்தம் 0.17 ஃபாரட் கிடைக்கும். இன்ஜின் 0.2 ஆம்பியர் எடுத்தால், 13 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்கு இறங்கும் வரை சுமார் 5 நொடி தாக்குப்பிடிக்கும். மின்னேற்றம் மெதுவாக நடக்க 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, வெளியேறும் மின்சாரம் அதைச் சுற்றிப் போக ஒரு டையோடை அதன் இணையாகச் சேர்க்க வேண்டும். டையோடின் கோடு போட்ட முனை டிகோடரின் நீல வயர் பக்கம் இருக்கட்டும். கெபாசிட்டர் வரிசையின் மறுமுனை டிகோடரின் கிரவுண்டுக்கு. தண்டவாள வயரில் நேராக இணைத்தால் கெபாசிட்டர் வெடிக்கும். டிகோடரின் அமைப்புகளை மாற்றும் புரோகிராமிங் தடத்தில் அது பதில் தரவில்லை என்றால் இந்தக் கெபாசிட்டர்களே காரணமாக இருக்கலாம், கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆனால் அழுக்கான போகியை அப்படியே விட்டுவிட்டு இதைப் பொருத்துவது, காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் போர்வையைப் போர்த்துவது போலத்தான்.

கேள்வி: நான்கு சக்கர இன்ஜின் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அதற்கும் இதே சோதனைதானா?

அதற்கு முதலில் கண்ணாடிச் சோதனை. தட்டையான கண்ணாடி மேல் இன்ஜினை வைத்து, மெல்லிய தாள் துண்டை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் செருகுங்கள். மூன்றில் தாள் இறுகி, ஒன்றில் மட்டும் வழுக்கிப் போனால், சட்டகம் முறுக்கியிருக்கிறது. அந்தச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடுவதே இல்லை. அடித்தட்டைக் கழற்றி, அச்சு உட்காரும் பள்ளங்களில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் பிசிறை எடுத்துவிட்டு அடித்தட்டின் திருகை ஒரே சீராக முடுக்கினாலே சரியாகிவிடும். இந்த வகை இன்ஜினுக்குக் கெபாசிட்டர் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

கேள்வி: எஸ்.டபிள்யூ., என்.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்கு என்ன பொருள்? சேகரிப்புப் பட்டியல் எழுதும்போது குழப்பமாக இருக்கிறது.

தொடக்கத்தில் எஸ் என்றால் 600 குதிரைத்திறன், என் என்றால் 900. ஆங்கிலத்தில் அந்த எண்களின் முதல் எழுத்துகள். டபிள்யூ, பற்றவைத்த சட்டகத்தைக் குறிப்பது. திறன் கூடிய பின்பும் எழுத்து மட்டும் நிலைத்துவிட்டது. அதனால்தான் 1939 முதல் 1949 வரை வந்த என்.டபிள்யூ.2வின் திறன் 1,000 குதிரை. 1949இல் தொடங்கிய எஸ்.டபிள்யூ.7க்கு 1,200. 1966இல் வந்த எஸ்.டபிள்யூ.1500இல் எண்ணே திறனைச் சொல்லிவிடுகிறது.

ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனத்தின் 44 டன் இன்ஜினையும் பட்டியலில் சேருங்கள். 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள இன்ஜினில் ஃபயர்மேன் எனப்படும் உதவியாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று 1937இல் அமெரிக்காவில் தொழிலாளர் உடன்பாடு ஏற்பட்டது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்க 1940இல் பிறந்ததுதான் 88,000 பவுண்டு எடையுள்ள இந்த 44 டன் வண்டி. ஒரு தொழில் விதிமுறை ஒரு இன்ஜினின் உருவத்தையே தீர்மானித்ததற்கு இதைவிட நல்ல சான்று அலமாரியில் வைக்கக் கிடைக்காது. ஆல்கோ எஸ்–2வையும் எஸ்–4ஐயும் பிரித்தறிய உடலைப் பார்க்காதீர்கள், போகியைப் பாருங்கள். எஸ்–2வில் பிளன்ட் வகைப் போகி, எஸ்–4இல் ஏ.ஏ.ஆர். வகை.

கேள்வி: பெட்டிகளை இணைத்து, தடத்தில் உள்ள காந்தத்தால் கழலும் கேடீ வகைக் காந்தக் கப்ளர் பொருத்தினேன். கழற்ற நினைக்கும் இடத்தில் கழல்வதில்லை, வேண்டாத இடத்தில் கழன்றுகொள்கிறது.

உயரம், உராய்வு, எடை என்று மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கப்ளரின் நடுமையம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இதற்கென்றே உயர அளவுகோல் விற்கிறார்கள். அது இல்லாமல் கண்ணால் பார்த்துப் பொருத்தாதீர்கள். கீழே வளைந்து தொங்கும் கம்பி, தண்டவாள மட்டத்துக்கு மேல் 0.8 மி.மீ. இருக்கட்டும். தாழ்ந்தால் பாயிண்டில் இடித்துத் தடம் புரளும். உயர்ந்தால் காந்தம் இழுக்காது. கப்ளரின் மூக்கு தொங்கியிருந்தால், மேடு வரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று நழுவித் தானாகக் கழலும். கப்ளர் உட்காரும் சிறு கூட்டின் மூடியைத் திறந்து கப்ளரின் வாலுக்கு அடியில் மெல்லிய நார் வாஷர் ஒன்று வைத்தால் மூக்கு நிமிரும்.

அடுத்து, கப்ளரை விரலால் ஒரு பக்கம் தள்ளிவிட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் உட்பக்கப் பிசிறைச் சீவிவிட்டுக் கிராஃபைட் தூளைச் சிறிது போடுங்கள். எண்ணெய் கூடாது, தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

எடை விஷயத்தில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.யின் பரிந்துரை இது: ஒரு பெட்டிக்கு அடிப்படை எடை 28 கிராம், அதன் மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். 5.5 அங்குலப் பெட்டிக்கு 105 கிராம் வரும். எடை குறைந்த பெட்டி இன்ஜின் மெல்ல வந்து இடித்தாலும் கப்ளர் பூட்டுமுன் உருண்டோடிவிடும்.

பெட்டியில் இரும்பு அச்சு இருந்தால் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள காந்தம் அச்சையே இழுக்கும். பெட்டி தானாகச் சற்று முன்னால் தாவும், கப்ளர் தளர்ந்து கழன்றுவிடும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் அச்சுக்கு மாற்றுவதே வழி. காந்தமே வேண்டாம் என்றால் நுனியைத் தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியை இரண்டு கப்ளர் கைகளுக்கும் நடுவே மேலிருந்து விட்டு, கால் சுற்றுத் திருப்புங்கள். கப்ளர்கள் இறுகி இழுபட்ட நிலையில் குச்சி வேலை செய்யாது. இன்ஜினைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தளர்த்திக்கொண்ட பிறகே திருப்ப வேண்டும்.

கேள்வி: டிகோடர் வைத்த இன்ஜின் முதல் படியிலேயே துள்ளிக் கிளம்புகிறது. எந்த எண்களை மாற்ற வேண்டும்?

முதலில் இரண்டு திசையிலும் அரை மணி நேரம் நடுத்தர வேகத்தில் ஓட்டிப் பழக்குங்கள். இறுக்கமான கியரோடு எண்களைத் தீர்மானித்தால் பிறகு மறுபடியும் செய்ய நேரும்.

பிறகு 128 படி வேகத்தில், கன்ட்ரோலரை 1இல் வைத்து, டிகோடரின் அமைப்பு எண்களான சி.வி.க்களில் தொடக்க வேகத்துக்கான சி.வி.2ஐ 0 ஆக்குங்கள். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், இன்ஜின் விடாமல் ஊரத் தொடங்கும் எண்ணில் நிறுத்துங்கள். சி.வி.5 உச்ச வேகம். யார்டில் உச்ச வேகத்துக்கு வேலை இல்லை. 110 என்று வையுங்கள். நடு வேகமான சி.வி.6ஐ 40 அல்லது 45 வையுங்கள். இதனால் கைப்பிடியின் முதல் பாதி முழுவதும் மெதுவேகத்துக்கே கிடைக்கும். வேக அட்டவணை இயக்கத்தில் இருந்தால் இந்த மூன்று எண்களையும் டிகோடர் கண்டுகொள்ளாது, அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சி.வி.3 வேகம் பிடிக்கும் நேரம், சி.வி.4 வேகம் குறையும் நேரம். கொடுக்கும் எண்ணை 0.9ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து உச்சத்துக்கு எத்தனை நொடி என்பது ஏறக்குறையத் தெரியும். சி.வி.3க்கு 10, சி.வி.4க்கு 5 வைத்தால் 9 நொடியில் வேகம் பிடித்து, நாலரை நொடியில் நிற்கும். நிறுத்தும் எண்ணைக் கூட்டினால் நிஜம் போலத் தோன்றும், உண்மைதான். ஆனால் பெட்டியை 1 செ.மீ. துல்லியத்தில் நிறுத்த முடியாது.

சி.வி.29ஐயும் ஒரு முறை பாருங்கள். 6 என்றிருந்தால் 2 ஆக்குங்கள், நான்கு இலக்க முகவரியில் 38 என்றிருந்தால் 34. சாதாரண டி.சி. மின்சாரத்திலும் ஓடும் வசதி இதனால் அணைந்துவிடும். அது திறந்திருந்தால், ஷார்ட் சர்க்யூட்டில் மின்சாரம் விட்டு வரும்போது டிகோடர் ஏமாந்து, இன்ஜின் முழு வேகத்தில் பாய்ந்துவிடுவதுண்டு.

கேள்வி: பழைய இன்ஜின் ஒன்று கைமாறி வந்தது. ஓடும்போது ‘டக், டக்’ என்று சீராக ஒரு சத்தம். சக்கரத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

சத்தம் சீராக வருகிறது என்பதே துப்பு. சக்கரம் ஒரு சுற்று வர ஒரு முறை ‘டக்’ என்றால், அச்சின் நடுவே உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்திருக்கிறது. உலோக அச்சின் மேல் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக், வருடங்கள் போகப் போகச் சுருங்கி, பல்லுக்குப் பல் நடுவே மயிரிழையாக விரியும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால் எதிர்க் கியர் அதில் ஏறி இறங்குகிறது. அச்சைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால் விரிசல் தெரியும். பசை போட்டு ஒட்டாதீர்கள், நிற்காது. கியரை மாற்றத்தான் வேண்டும். ஒன்று பிளந்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள், ஒரே காலத்தில் வார்த்தவை அவை. சக்கரங்களை மறுபடி ஏற்றும்போது இடைவெளியை என்.எம்.ஆர்.ஏ. அளவுத் தகட்டில் சரிபாருங்கள்.

திறந்த கையோடு பழைய கிரீஸையும் எடுத்துவிடுங்கள். தேன் நிறத்தில் இறுகி, பல் இடுக்குகளில் மெழுகாக நிற்கும். ஆல்கஹாலில் ஊறவைத்துப் பல்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸைக் கடுகளவு வையுங்கள். மோட்டாரின் இரு முனைத் தாங்கிகளுக்கும் ஊசி முனையில் தொங்கும் ஒரு துளி எண்ணெய் போதும். கூடினால் வழிந்து கம்யூட்டேட்டரில் ஏறி, கார்பனோடு குழைந்து மோட்டாரைத் திணறடிக்கும்.

டிகோடர் வைப்பதாக இருந்தால், இது போன்ற பழைய வண்டிகளில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டகத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். மோட்டாரைத் தனிமைப்படுத்தி, அதன் இரு முனைக்கும் சட்டகத்துக்கும் நடுவே மல்ட்டிமீட்டரில் தொடர்பே இல்லை என்று உறுதி செய்த பின்புதான் ஆரஞ்சு, சாம்பல் வயர்களை இணைக்க வேண்டும். தவறினால் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போதே டிகோடர் புகைந்துவிடும்.

கேள்வி: பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த மிகப் பழைய இன்ஜினின் சட்டகம் வளைந்து, மேற்கூட்டையே பிளந்துவிட்டது. யாரும் தொடவில்லை.

அது துத்தநாக நோய். வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்த துத்தநாகக் கலவை உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு, உப்பி, விரிசல் விட்டுப் பொடியும். ஈரப்பதமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். திரும்பப் பெற வழியில்லை. மேற்கூட்டையும் மோட்டாரையும் உடனே பிரித்துக் காப்பாற்றுங்கள். இது மற்ற இன்ஜின்களுக்குத் தொற்றாது, ஆனால் அதே காலத்து வார்ப்புகளை எல்லாம் எடுத்துப் பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது சட்டகத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசலோ, மேல்தோல் கொப்புளமோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு அலமாரித் தட்டு அளவுதான் இடம். இருக்கிற ஒரு ஷண்டிங் இன்ஜினை வைத்து என்ன செய்யலாம்?

ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆர்வலர் வகுத்த இங்கில்நுக் அமைப்பைப் போடுங்கள். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (பெட்டிகள் நிற்கும் கிளைத்தடம்). ஒன்றில் 5 பெட்டி, மற்ற இரண்டில் 3, 3 பெட்டி நிற்கும். முன்னால் உள்ள தலைத்தடத்தில் இன்ஜினும் 3 பெட்டியும் மட்டும் கொள்ளும். மொத்தம் 8 பெட்டிகள். தொடக்கத்தில் நீளமான சைடிங்கில் 5, குட்டையான ஒன்றில் 3. எட்டுச் சீட்டுகளில் பெட்டி எண்களை எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து பெட்டிகளையும் நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழிகள் உண்டு. ஒரே ஆட்டம் திரும்ப வருமோ என்ற கவலை வேண்டாம்.

40 அடிப் பெட்டி, கப்ளர் உட்பட ஏறக்குறைய 155 மி.மீ. எஸ்.டபிள்யூ. இன்ஜினும் அதே நீளம்தான். ஆகவே சைடிங்குகள் 78 செ.மீ., 47 செ.மீ., 47 செ.மீ.; தலைத்தடம் 62 செ.மீ. பாயிண்டுகளையும் சேர்த்து 190 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலப் பலகை போதும். எல்லாத் தடத்திலும் 2 செ.மீ. கூடுதல் விடலாம். தாராளமாக இருக்கட்டும் என்று தலைத்தடத்தை ஒரு பெட்டி நீளம் கூட்டிவிடாதீர்கள், புதிரே அந்த நெருக்கடியில்தான் இருக்கிறது.

காந்தம் வைப்பதாக இருந்தால் சைடிங்குக்கு ஒன்றாக, பாயிண்ட் தாண்டியவுடன் வையுங்கள். கப்ளரைக் காந்தத்தின் மேல் தளர்த்திப் பிரித்து, பின் மறுபடி முட்டித் தள்ளினால் அது பூட்டிக்கொள்ளாது. பெட்டியை வேண்டிய இடம் வரை தள்ளிவிட்டு இன்ஜின் மட்டும் திரும்பலாம். மூன்று காந்தத்தில் முழு யார்டும் கைபடாமல் ஓடும்.